தகரம் போட்ட வருஷம்

பொன்னுத்துரை காலையில் மில்லிலிருந்து வரும்போது அவன் கண்ணிமை மயிரில்கூட உமிச் சாம்பல் ஒட்டியிருக்கும். பசுண்டாங் ஓடையில் இறங்கி ஒரு முங்கு போடுவான். ஓடைத் தண்ணீர் அவன் உடம்பைவிடச் சுத்தம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி ரத்தினம்மாள் பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, பக்கத்தில் சுட்ட ஙாப்பியும் இரண்டு பச்சை மிளகாயும் வைப்பாள். ரங்கூனுக்கு வந்த முதல் வருஷம் அந்த மீன் விழுதை அவள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தொட்டாள். இப்போது அது இல்லாவிட்டால் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. தின்றுவிட்டு அவன் மச்சுக்கு ஏறுவான். பின்னாலேயே, கூட வேலை பார்க்கிற செல்லக்கண்ணு ஏறுவான். இருவரும் மாலை நாலரைக்குத்தான் எழுந்திருப்பார்கள்.

அந்த மச்சில் அப்படித் தூங்க முடிந்தது. கூரை தேக்குச் சில்லு. ஒரு முழ நீளத்தில், ஒரு சாண் அகலத்தில், விரல் கனத்தில் பிளந்த பலகைகளை மீன் செதிலைப் போல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஆணி அடித்திருந்தது. இருபது வருஷ வெயிலில் வெளிப்பக்கம் சாம்பல் நிறமாகி ஓரங்கள் சுருண்டுவிட்டன. மழைக்காலத்தில் ஏழெட்டு இடத்தில் ஒழுகும். ஆனால் சித்திரை வெயிலில், தெருநாய் சாக்கடைக்குள் படுக்கிற நேரத்திலும், சில்லைத் தாண்டிச் சூடு இறங்காது. இடுக்கு வழியே ஓடைக்காற்று வரும்.

தை பிறந்தால் மில் நிற்காது. மழை தொடங்குகிறவரைக்கும் இரவும் பகலும் நெல் அரைபடும். நெல்லை அரைக்கிற எஞ்சினுக்கு அந்த நெல்லின் உமியே விறகு. இரவில் உலையின் இரண்டு வாய்க்கும் உமி தள்ளுகிறவர்கள் பொன்னுத்துரையும் செல்லக்கண்ணுவும். மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை. பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே உலைக்கு முன்னால் நின்றவர்கள். செல்லக்கண்ணுக்கு நாற்பத்தைந்து வயது. ஊரில் பெண்டாட்டி செத்துப்போய், காணியைப் பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள். கடுதாசி போட அவனுக்கு ஆள் இல்லை.

மாசி மாதம் பக்கத்துச் சந்தில் ஒரு வரிசை வீடு எரிந்தது. மில் புகைபோக்கியிலிருந்து பறந்த பொறி சில்லுக் கூரையில் விழுந்து பிடித்தது என்றார்கள். "நீ தள்ளுன உமியா, நான் தள்ளுன உமியா?" என்று செல்லக்கண்ணு கேட்டான். பொன்னுத்துரை சிரிக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு முனிசிபல் பியூன் வந்து தூணில் நோட்டீஸ் ஒட்டினான். ஓலைக் கூரையும் பலகைக் கூரையும் பங்குனி முடிவதற்குள் இறங்க வேண்டும். ஓடு போடலாம், தகரம் போடலாம். இல்லாவிட்டால் வீட்டைப் பிரித்துவிடுவார்கள்.

மனை மா தெய்ன் என்கிற பர்மாக்காரப் பெண்ணுடையது. மேலே நின்ற வீடு இவர்களுடையது. எட்டுப் பேர் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய வீடு. பொன்னுத்துரையும் ரத்தினம்மாளும் ஒரு பங்கு, செல்லக்கண்ணு ஒரு பங்கு, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆறு பேருக்கு ஆறு பங்கு. ரத்தினம்மாள் எல்லோருக்கும் பொங்கிப் போட்டாள். வீட்டைப் பற்றி எது முடிவு செய்வதானாலும் இரவுச் சோறு முடிந்து, இலை எடுத்த இடத்திலேயே உட்கார்ந்து கை தூக்கி முடிவு செய்வது வழக்கம். அந்த நேரத்துக்கு உலைக்காரர்கள் இரண்டு பேரும் மில்லில் இருப்பார்கள். அதனால் அவர்கள் இரண்டு கையையும் ரத்தினம்மாளே தூக்குவாள். தண்ணிப் பீப்பாய் வாங்குவது, கக்கூஸ் மாற்றுவது மாதிரியான விஷயங்கள்தான் அதுவரை வந்திருந்தன. அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

அன்று மாலை மில்லுக்குக் கிளம்பும்போது பொன்னுத்துரை தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"இன்னைக்கிக் கூரைப் பேச்சு வரும். ஓடுன்னு சொல்லு. காசு கூடத்தான் ஆகும், ஆகட்டும். தகரம் போட்டா பகல்ல மச்சுல மனுசன் படுக்க முடியாது. நாங்க ரெண்டு பேரும் செத்தோம்."

"சொல்றேன்."

"மறந்துறாத. அவுக ஆறு பேரும் பகல்ல வீட்டுல இருக்கவுக இல்ல. அவுகளுக்குத் தெரியாது."

"அதான் சொல்றேன்னேனே. போங்க, சங்கு ஊதிரும்."

செல்லக்கண்ணு படியில் நின்றபடி, "மதனி, என் கையும் வீட்டுக் கைதான். நீங்க எப்படியோ அப்படி," என்றான்.

அன்று குறுணைச் சோறு, புளிச்சக்கீரை போட்ட நெத்திலிக் குழம்பு. இலை எடுக்கும்போதே பீர் முகைதீன் வந்துவிட்டார். தெருமுனையில் ஆணி, தகரம், வாளி, சங்கிலி விற்கிற கடை அவருடையது. காயல்பட்டினத்துக்காரர். கூட வந்த ஆளின் தலையில் சாமான். ஒரு மங்களூர் ஓடு, ஒரு முழத் தகரத் துண்டு இரண்டையும் நடுவில் வைத்தார்.

மூட்டைக்காரர்களுக்குக் குழந்தைவேலு மேஸ்திரி. கூட்டத்தில் முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அவனுடையதாக இருக்கும். ஓட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தான்.

"ராவுத்தரே, ஓடு என்னமா கனக்குது. இந்த வீட்டு மரக்கால் தாங்குமா?"

"நான் ராவுத்தர் இல்லப்பா, மரைக்காயர். பத்து வருசமாச் சொல்றேன். கால் தாங்கும். கைமரம், சட்டம் எல்லாம் புதுசாப் போடணும். அடுத்த கப்பல்ல ஓடு வரும். தச்சனுக்கு ஒரு மாசம் வேலை."

"தகரம்?"

"தகரம்னா ரெண்டு நாளு. உள்ள மரமே போதும்."

"அம்புட்டுத்தானே," என்றான் குழந்தைவேலு. "ரெண்டு வருசத்துல ஊருக்குப் போற ஆளுக்கு ஓடு எதுக்கு? யாரு தலைக்கு? தகர வீடுன்னா ஒரு மதிப்பும் இருக்கு. நேத்து வந்த தெலுங்கன்கூடத் தகரம் போட்டுட்டான்."

மூட்டைக்காரர்களில் பழனியப்பன் என்பவன் அவனுக்கு நேர் எதிர். வாத நோய்க்காரன், மெதுவாகப் பேசுவான். "மழையில தகரம் பறை அடிக்கும், குழந்தை. காது போயிரும். ஓடு ஒரு தலைமுறைக்கு நிக்கும்."

"ஒம் பல்லே நிக்கல. ஓடு நிக்குமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பழனியப்பனும் சிரித்தான். கை எண்ணியபோது தகரத்துக்கு மூன்று, ஓட்டுக்கு மூன்று என்று நின்றது. ஆறு பேரும் ரத்தினம்மாளைப் பார்த்தார்கள். அவள் அடுப்படி நிலையில் ஈரக்கையோடு நின்றிருந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பீர் முகைதீன் ஒரு கேள்வி கேட்டார். அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவர் வியாபாரத்துக்கும் ஆகாத கேள்வி.

"பகல்ல இந்த வீட்டுல ஆள் படுக்கிறதுண்டா? உண்டுன்னா யோசிச்சுச் செய்யுங்க. பங்குனி, சித்திரையில தகரத்துக்குக் கீழ உச்சி நேரத்துல ஆடுகூட நிக்காது."

"பகல்ல யாரு படுக்கப் போறா," என்றான் குழந்தைவேலு. பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினான். "அண்ணனும் மதனியும்தான். நாங்கெல்லாம் போனப்பறம் அவுக என்ன தூங்குறாகளா, என்ன செய்றாகன்னு யாருக்குத் தெரியும்? சூடு தெரியாமத்தான் இருக்கும்."

மறுபடியும் சிரிப்பு. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். ரத்தினம்மாளுக்குக் கழுத்திலிருந்து சூடு ஏறியது. ஆறு ஆம்பிளைகளுக்கு முன்னால், புருஷன் பகலில் எப்படிப் படுக்கிறான், எத்தனை மணிக்குப் புரள்கிறான் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பேச்சு நாளைக்குத் துறைமுகத்தில் மூட்டையோடு மூட்டையாகப் போகும். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அவுகளுக்கென்ன," என்றாள். "கல்லு மேல போட்டாலும் தூங்குவாக."

"அப்படிச் சொல்லுங்க மதனி. அப்ப தகரம்தானே?"

அவள் சட்டி கழுவ உள்ளே திரும்பிவிட்டாள். குழந்தைவேலு அதை இரண்டு கையாக எண்ணிக்கொண்டான்.

காலையில் அவர்கள் சாம்பலோடு வந்தபோது, "எல்லாரும் தகரம்னுட்டாக," என்று சொன்னாள்.

"நீ சொல்லலையா?"

"ஒத்தப் பொம்பளை சொன்னா எடுபடுமா?"

பொன்னுத்துரை அவளைப் பார்த்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான். "சரி. விதி," என்றான். செல்லக்கண்ணு ஒரு மிளகாயைக் கடித்தான். அன்று இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். சில்லு இன்னும் மேலே இருந்தது.

இரண்டு நாளில் தகரம் ஏறிவிட்டது. மரைக்காயர் சொன்னபடிதான். பிடுங்கிப் போட்ட சில்லு முற்றத்தில் இடுப்பு உயரத்துக்குக் குவிந்தது. இருபது வருஷத் தேக்கு. அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு இல்லை. புகையில்லாமல் எரியும். ரத்தினம்மாள் அதை வைத்துத்தான் சமைத்தாள். கூரை கொஞ்சம் கொஞ்சமாகச் சோறாகி எல்லோர் வயிற்றுக்குள்ளும் போனது.

முதல் நாள் பகல் ஒன்பது மணிவரை தாங்கியது. அதற்குப் பிறகு மச்சு அடைத்த அடுப்பாகிவிட்டது. பத்து மணிக்குப் பொன்னுத்துரை கீழே இறங்கிவந்து தரையில் படுத்தான். கீழே ரத்தினம்மாள் எட்டுப் பேருக்கு உலை வைத்திருந்தாள். புகையும் ஈயும். எழுந்து போய் வீட்டுக்கு அடியில், கால்களுக்கு நடுவே, கோழிகள் கிளறுகிற சேற்றுத் தரையில் பாயைப் போட்டான். அங்கே கொசு. மத்தியானம் ஓடையில் கடலோதம் ஏறினால் பாயே மிதக்கும். செல்லக்கண்ணு மில் வாசலில் உமிக் குவியலின் நிழலில் படுத்துப் பார்த்தான். வாசல் காவல்கார தர்வான் கம்பால் குத்தி எழுப்பினான்.

ரத்தினம்மாள் சாக்கை நனைத்துத் தகரத்தின்மேல் போட்டாள். வந்து பார்த்த முனிசிபல் ஆள், காய்ந்தபின் பொறி விழுந்தால் பிடிக்கும் என்று அதை எடுக்கச் சொல்லிவிட்டான். பூசணிக் கொடி ஏற்றினாள். அது தகரத்தைத் தொட்டதும் கருகியது. சித்திரையில் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழா வந்தது. தெருவெல்லாம் வாளியும் கிண்ணமும். மா தெய்ன் ரத்தினம்மாள் தலையில் ஒரு கிண்ணம் ஊற்றிச் சிரித்தாள். ரத்தினம்மாள் மேலே கையைக் காட்டி, தெரிந்த நாலு பர்மியச் சொற்களை வைத்துக்கொண்டு, "அமா, அக்கா, அங்க ஊத்தச் சொல்லுங்க, அங்க," என்றாள். மா தெய்னின் தம்பிகளுக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது. கூரைக்கு வாளி வாளியாக வீசினார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் தகரம் சீறி ஆவி கிளம்பியது. அந்த நாலு நாளும் பகலில் இரண்டு மணி நேரமாவது இருவரும் கண்ணசந்தார்கள். ஐந்தாம் நாள் திருவிழா முடிந்தது.

மூட்டைக்காரர்களுக்குத் தகரம் பிடித்திருந்தது. மாலையில் வந்து குளித்து உட்காரும்போது ஓடைக்காற்றில் அது ஆறிவிட்டிருக்கும். "பாத்தீகளா மதனி, ஒரு பூச்சி விழுதா? ஒரு தூசி விழுதா?" என்பான் குழந்தைவேலு.

மில்லில் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவன் உலையின் இரண்டு வாயையும் பார்த்துக்கொள்வான். மற்றவன் சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடுவான். எஞ்சின் டிரைவர் நடை கேட்டதும் முழங்கையால் ஒரு இடி. தூங்குகிறவன் உடனே நிமிர்ந்து, "முழிச்சுத்தான் இருக்கேங்க," என்பான். அந்த வார்த்தை இருவருக்கும் அப்படிப் பழகிப்போனது. பொன்னுத்துரை வீட்டில்கூட, சோற்றுத் தட்டுக்கு முன்னால் தலை தொங்கும்போது ரத்தினம்மாள் தோளைத் தொட்டால், "முழிச்சுத்தான் இருக்கேங்க," என்று சொல்லி நிமிர்வான். அப்போதெல்லாம் அவள் அவனிடம் ஒன்றைச் சொல்ல நினைத்தாள். வாய்வரைக்கும் வந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மேல் தளத்திலிருந்து உமி ஒரு இரும்புத் தொட்டியில் இறங்கும். தொட்டிக்குள் நீளமான ஒரு இரும்புத் திருகு சுற்றி, உமியை உலை வாய்க்குத் தள்ளும். ஈர உமி வந்தால் திருகு அடைக்கும். அப்போது ஒருவன் பெல்ட்டுக் கட்டையைத் தள்ளிப் பிடித்து, பெல்ட்டைத் திருகை ஓட்டாத சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். மற்றவன் தொட்டிக்குள் கையை விட்டு அடைப்பை வாருவான். கட்டையைப் பிடித்தவன் பிடித்தபடியே நிற்க வேண்டும். விட்டால் பெல்ட்டு தானாகப் பழைய இடத்துக்கு வந்து திருகு சுற்றிவிடும். பன்னிரண்டு வருஷத்தில் ஆயிரம் தடவை செய்த வேலை.

வைகாசி மாதம் முதல் வாரம், மழைக்கு முந்தின புழுக்கத்தில், திருகு அடைத்தது. செல்லக்கண்ணு தோள்வரைக்கும் கையை விட்டான். பொன்னுத்துரை கட்டையைத் தள்ளிப் பிடித்தான். பிடித்த கையோடு தூங்கிப்போனான்.

சத்தம் கேட்டு நிமிர்ந்தவன், "முழிச்சுத்தான் இருக்கேங்க," என்றான்.

செல்லக்கண்ணுவின் வலது கை முழங்கைக்கு மேலிருந்து போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்தான். மில்லில் பொன்னுத்துரையை நிறுத்திவிட்டார்கள். குழந்தைவேலு அவனைத் தன் மூட்டைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டான். அதைச் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு வருஷம் இரவில் முழித்த உடம்பு இரவில் தூங்க மறுத்தது. பகலில் மூட்டையோடு பலகைப் பாலத்தில் நடக்கும்போதே கண் சொருகியது.

ஆனி கடைசியில் செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்தான். மழை பிடித்துவிட்டிருந்தது. தகரம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதும் காதில் விழாது. பழனியப்பன் சொன்னது சரியாகப் போனது. அதை அவன் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

இரவு செல்லக்கண்ணுக்கு ரத்தினம்மாள் சோற்றைப் பிசைந்து உருட்டி வைத்தாள். இடது கையால் எடுத்துத் தின்றான்.

"குழம்புல உப்புக் கூட," என்றான்.

"ஆஸ்பத்திரிச் சோறு தின்ன நாக்கு. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"பொன்னுத்துரை எங்கிட்ட மொகத்தக் காட்ட மாட்டேங்குறான். நான் அவனை ஒண்ணும் சொல்லல மதனி. அவனத்தான் முன்ன தூங்க விட்டிருக்கணும். அவன நிக்க வச்சுட்டு ஒரு மணி நேரம் நான் தூங்குனேன். அடுத்து அவன் முறை. அதுக்குள்ள அடைச்சிருச்சு."

அவள் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கிடங்குல ராக் காவலுக்கு ஆள் வேணுமாம்," என்றான் அவன். "லாந்தர் பிடிக்க ஒரு கை போதும்ல. பகல்ல இங்க ஒரு மூலையில படுத்துக்கிருவேன். ஊருல எனக்கு யாரு இருக்கா?"

மறுநாள் சோறு முடிந்ததும் கூட்டம். பொன்னுத்துரை முதல் தடவையாக அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தான். தூணில் சாய்ந்து, காலை மடக்கி. செல்லக்கண்ணு கதவோரம் இருந்தான். அவனைப் பற்றிய பேச்சு என்பதால் அவனுக்குக் கை இல்லை.

"மனசுல ஒண்ணும் வச்சுப் பேசல," என்றான் குழந்தைவேலு. மழைக்கு மேல் குரலை உயர்த்தினான். "நம்ம ஊரு ஆள் ரெண்டு பேரு வாறாக. எடம் வேணும். இவன் பங்கைக் கையில குடுத்து, கப்பல் டெக்குச் சீட்டும் எடுத்துக் குடுப்போம். பிறந்த மண்ணுல போய் இருக்கட்டும்."

"அவனுக்கு அங்க யாரு இருக்கா?" என்றான் பழனியப்பன்.

"மண்ணு இருக்குல்ல."

"மண்ணைத் தின்பானா? அவன்தான் காவல் வேலை பாக்குறேங்குறானே."

"கிடங்கு சாய்பு ஒத்தக்கையனை வைப்பாரா? வைக்க மாட்டாரு. அப்ப யாரு சோறு போடுறது? நீ போடுவியா?"

"ஒரு வாய் போடுவேன்."

"ஒரு வாய் போட்டுப் பாரு, அப்பறம் தெரியும்."

கை எண்ணினார்கள். அனுப்புவதற்கு மூன்று. வேண்டாம் என்று இரண்டு. செல்லையா என்கிறவன் இரண்டு பக்கமும் தூக்கவில்லை. "வீடு என்ன சொல்லுதோ அதான் எனக்கும்," என்றான்.

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். பொன்னுத்துரை தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் வைத்த கை விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தன.

"மதனி, அண்ணன் கையை நீங்களே தூக்குங்க," என்றான் குழந்தைவேலு. "எப்பவும்போல."

ரத்தினம்மாள் நிலையை விட்டு உள்ளே வந்தாள். அந்தக் கூட்டத்துக்குள் அவள் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நான் தூக்க மாட்டேன். அவுகளை எழுப்பிக் கேளுங்க."

குழந்தைவேலு எட்டிப் பொன்னுத்துரையின் முழங்காலைத் தட்டினான். "அண்ணே, செல்லக்கண்ணை ஊருக்கு அனுப்புறதுக்கு நீங்க என்ன சொல்றீக?"

பொன்னுத்துரை விருட்டென்று நிமிர்ந்து தூணை இரண்டு கையாலும் பிடித்தான்.

"முழிச்சுத்தான் இருக்கேங்க. சரிங்க. சரிங்க."

"சரின்னுட்டாரு."

"அவுக தூக்கத்துல சொல்றாக," என்றாள் ரத்தினம்மாள். "அதை எண்ணாதீக. அவுக தூங்கி நாலு மாசமாச்சு. ரெண்டு பேரும் தூங்கல. தகரம் போட்ட நாள்லேர்ந்து இந்த வீட்டுல யாரும் பகல்ல தூங்க முடியல. ஒங்களுக்கு அது தெரியாது."

"தெரியாதுதான்," என்றான் குழந்தைவேலு. கோபமாகச் சொல்லவில்லை. "நாங்க பகல்ல இருக்கவுக இல்ல. அதான் அன்னைக்கி மரைக்காயர் ஒங்களைக் கேட்டாரு. கல்லு மேல போட்டாலும் தூங்குவாகன்னு நீங்கதான மதனி சொன்னீக? மூணும் மூணுமா நின்னுச்சு. நீங்க சொல்லித்தான தகரம் போட்டோம்?"

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

பொன்னுத்துரைக்கு இப்போது உண்மையாகவே விழிப்பு வந்துவிட்டது. தூணிலிருந்து கையை எடுக்காமல் ரத்தினம்மாளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவோரம் பார்த்தாள். செல்லக்கண்ணு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெற்றுத் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு ஏதோ கேட்டான். தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

"என்னப்பா?" என்றான் குழந்தைவேலு.

செல்லக்கண்ணு இன்னும் சத்தமாகக் கேட்டான்.

"கப்பலு என்னைக்குன்னு கேட்டேன்."